மடிப்பாக்கம் டூ பெருங்குடி, டெய்லி சைக்கிள்ல ஆபீஸ் போறது சரிப்பட்டு வருமா?

மடிப்பாக்கம்_மணி:
எல்லாருக்கும் வணக்கம். வீடு மடிப்பாக்கம் கூட்ரோடு பக்கம், ஆபீஸ் பெருங்குடி. கைவேலி, விஜயநகர், தரமணி லிங்க் ரோடு, எஸ்ஆர்பி டூல்ஸ் ஜங்ஷன்னு போனா 9, 10 கிலோமீட்டர் வருது. இப்ப பைக்ல தான் போயிட்டு இருக்கேன். ஆனா விஜயநகர் சிக்னல்லயும் ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) மெட்ரோ வேலைக்கு வச்ச தடுப்புகிட்டயும் நான் நின்னு நின்னு போறதுக்குள்ள, பழைய கேரியர் சைக்கிள்ல டிபன் பாக்ஸ் மாட்டிக்கிட்டு ஒரு அண்ணன் கேப்புல புகுந்து போயிடறாரு, பெருங்குடி வந்து பாத்தா அவரும் அப்பத்தான் வந்து சேந்திருக்காரு. டாக்டர் வேற சுகர் பார்டர்ல இருக்கு உடம்ப அசைங்கன்னு சொல்லிட்டார். ஜிம்முக்கு தனியா நேரம் ஒதுக்க எனக்கு வழியில்ல, காலைல பசங்கள ஸ்கூலுக்கு அனுப்பணும். அதனால ஆபீஸ் போற நேரத்தையே இதுக்கு வச்சுக்கலாம்னு பாக்கறேன். வெயில்ல வேர்த்து ஊத்திட்டு மீட்டிங்ல எப்படி உக்காருறது, எந்த சைக்கிள் வாங்கறது, இந்த ரூட்டு சேஃபா, ஆபீஸ்ல எங்க நிறுத்தறதுன்னு நிறைய கேள்வி இருக்கு. டெய்லி போறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

தரமணி_பெடல்:
தாராளமா போலாம் பாஸ். நான் வேளச்சேரிலேர்ந்து கந்தன்சாவடிக்கு பல வருஷமா சைக்கிள் தான். 10 கிலோமீட்டர்னா அவசரப்படாம மிதிச்சா சிக்னல் எல்லாம் சேத்து முக்கா மணி நேரத்துக்குள்ள போயிடலாம், பீக் அவர்ல பைக்குக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சென்னைல ரெண்டு விஷயம் நமக்கு சாதகமா இருக்கு. ஒண்ணு, ஊர் பூரா சமதளம், பாலத்த விட்டா ஏத்தமே கெடையாது. இன்னொண்ணு காத்து, இத யாரும் கவனிக்கறதில்ல. வெயில் காலத்துல காலைல மேற்குலேர்ந்து அடிக்கும், நீங்க கிழக்க பாத்து போறீங்க, முதுகுல தள்ளும். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து உள்ள வந்துடும், சாயங்காலம் மேற்க பாத்து வீட்டுக்கு திரும்பறப்ப அதுவும் முதுகுல தான். ஓஎம்ஆர்ல சோழிங்கநல்லூர் பக்கம் தெற்க பாத்து போறவங்க தான் சாயங்காலம் எதிர்காத்துல திணறுவாங்க. ஐப்பசி கார்த்திகைல வாடை அடிக்கும்போது காலைல உங்களுக்கு எதிர்ல வரும், அந்த ரெண்டு மூணு மாசம் மட்டும் கொஞ்சம் முன்னாடி கெளம்பணும்.

வேர்வைக்கு என் வழி: பேக்பேக்க முதுகுல மாட்டாதீங்க, கேரியர்ல வச்சு ட்யூப் கயித்தால கட்டிடுங்க, பாதி வேர்வை அதுலயே கொறஞ்சிடும். ஓட்டறதுக்கு ஒரு டீசர்ட், ஆபீஸ் சட்டைய சுருட்டி கவர்ல. முக்கியமான விஷயம், போன உடனே சட்டைய மாத்தாதீங்க. ஓட்டும்போது காத்து படறதால தெரியாது, நிறுத்தினப்புறம் தான் நெஜமா வேர்க்கும். ஃபேனுக்கு கீழ ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஆற உட்டு, ஈரத்துண்டால கழுத்து, கை, அக்குள் தொடச்சிட்டு அப்புறம் மாத்துங்க. அப்படி பண்ணா கத்திரி வெயில்லயும் சமாளிக்கலாம், 8 மணிக்கு முன்னாடி ஆபீஸ் உள்ள இருக்கற மாதிரி பாத்துக்கோங்க.

நாவலூர்_நந்து:
ஆர்வத்த கெடுக்கணும்னு சொல்லல, ஆனா உள்ளத சொல்லிடறேன். எங்க சித்தப்பா பையன் ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்ல சைக்கிள்ல போறப்ப நின்னுட்டு இருந்த கார்லேர்ந்து ஒருத்தர் பின்னாடி பாக்காம டக்குனு கதவ தொறந்துட்டாரு, இவன் கதவுல மோதி ரோட்டுக்கு நடுவுல விழுந்து தோள்பட்டை எலும்பு ஒடஞ்சு மூணு மாசம் வீட்ல. பின்னாடி பஸ் வராததால உயிர் தப்பிச்சான். நம்ம ஊர் ரோட்ல சைக்கிள்காரன ஒரு வண்டியாவே யாரும் மதிக்கறதில்ல, ஹாரன் அடிச்சே ஓரத்துக்கு தள்ளிடறானுங்க. குடும்பஸ்தன் நீங்க. ஈசிஆர்ல ஞாயித்துக்கெழமை காலைல ஓட்டறது வேற, திங்கக்கெழமை 9 மணிக்கு எஸ்ஆர்பி டூல்ஸ்ல ஓட்டறது வேற.

ராயபுரம்_அச்சகம்:
நந்து சொல்றது புரியுது, அந்த பையன் நல்லபடியா தேறியிருப்பான்னு நம்பறேன். ஆனா ஒண்ணு யோசிச்சு பாருங்க, சென்னைல டெய்லி வேலைக்கு சைக்கிள்ல போறவங்க யாரு? எங்க பிரஸ்ல பைண்டிங் பண்றவங்க, வாட்ச்மேன், பெயிண்டர், கொத்தனார், சாயங்காலம் கேன்ல டீ கொண்டு வர்ற அண்ணன், காலைல பேப்பர் போடற பசங்க, எளநி வண்டிக்காரர். நானே ராயபுரத்துலேர்ந்து பாரிஸ் கார்னருக்கு சைக்கிள் தான், எங்க வீட்ல இருக்கறது என் பொண்ணுக்கு 11ஆவதுல கவர்மென்ட் குடுத்த சைக்கிள், அவ காலேஜ் பஸ்ல போக ஆரம்பிச்சதும் நான் எடுத்துக்கிட்டேன், கேரியரும் பெல்லும் மட்டும் மாத்தினேன், நல்லா ஓடுது.

சைக்கிள்ல ஆபீஸ் போறது ஏதோ புதுசா தைரியமா செய்யற காரியம் மாதிரி பேசறாங்க, அது தான் எனக்கு வருத்தம். ரோட்ல ஏற்கனவே ஆயிரக்கணக்கான பேர் போறாங்க, அவங்கள யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல. மணி, நீங்க டெய்லி பாக்கற அந்த டிபன் பாக்ஸ் அண்ணன்கிட்டயே கேளுங்க எந்த வழி நல்ல வழின்னு. எந்த சந்துல நாய் தொரத்தும், எந்த எடத்துல ராத்திரி லைட் எரியாது, எங்க மழை பெஞ்சா பள்ளம் தெரியாதுன்னு அவருக்கு தெரிஞ்ச அளவுக்கு எந்த மேப்புக்கும் தெரியாது.

புதுகை_பொண்ணு:
அச்சகம் அண்ணா சொன்னதுக்கு ஒரு கும்பிடு. நான் பள்ளிக்கரணைலேர்ந்து துரைப்பாக்கம், ரேடியல் ரோடு வழியா. எங்க அம்மா புதுக்கோட்டைக்காரங்க. 1990களோட ஆரம்பத்துல அங்க அறிவொளி இயக்கம் நடந்தப்ப, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த நேரம், எழுத படிக்க கத்துக்குடுத்ததோட பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்குடுத்தாங்க. அப்படி சைக்கிள் ஓட்டினவங்கள்ல கல்குவாரில வேலை செஞ்சவங்கள்லாம் இருந்தாங்க. எங்க அம்மா அப்ப கத்துக்கிட்டவங்க தான், பஸ் வராத ஊர்லேர்ந்து வேலைக்கு போகவும் தண்ணி கொண்டு வரவும் பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகவும் யாரையும் எதிர்பாக்க வேண்டியதில்லாம போச்சுன்னு இப்பவும் சொல்லுவாங்க.

நான் ஓட்ட ஆரம்பிச்சப்ப ஆபீஸ்ல எல்லாரும் ஏன் ஸ்கூட்டி இல்லையான்னு தான் கேட்டாங்க. பொண்ணுங்க யாராச்சும் இத படிச்சா சொல்றேன், செயின் முழுசா மூடற கவர் இருக்கற லேடீஸ் சைக்கிளா வாங்குங்க, துப்பட்டாவ பின்னாடி கட்டி உள்ள சொருகிடுங்க, காத்துல பறந்து பின் வீல்ல சிக்கினா கழுத்த இறுக்கிடும், இது ரொம்ப முக்கியம். ராத்திரி லேட்டாச்சுன்னா நான் ரேடியல் ரோட்ல வர்றதில்ல, சதுப்பு நிலத்துக்கு பக்கத்துல நீளமா ஆள் இல்லாத எடம், லாரியும் வேகமா வரும். அன்னைக்கு சைக்கிள ஆபீஸ்லயே பூட்டிட்டு பஸ். ஆனா காலைல அதே ரோடு, குளிர் மாசங்கள்ல பூநாரைங்க நிக்கறத பாத்துட்டே வரலாம், குப்பை மேடு நாத்தம் வர்ற அந்த கொஞ்ச தூரத்த மட்டும் வேகமா மிதிச்சு தாண்டிடணும்.

தரமணி_பெடல்:
//ஹாரன் அடிச்சே ஓரத்துக்கு தள்ளிடறானுங்க//

நந்து, இது தான் இந்த இழைல பேச வேண்டிய முக்கியமான விஷயம், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நம்ம ஊர்ல சின்ன வயசுலேர்ந்தே ஓரமா போ ஓரமா போன்னு சொல்லித்தான் வளத்திருக்காங்க. அந்த ஓரத்துல என்ன இருக்கு? தரமணி லிங்க் ரோட்டயே எடுத்துக்கோங்க, ரோடும் பிளாட்பாரமும் சேர்ற எடத்துல ஒரு அடி அகலத்துக்கு மணல். அதுல பிரேக் பிடிச்சா சைக்கிள் வழுக்கும். மழைநீர் வடிகால் மூடி ரோட்டுக்கு சமமா இருக்காது, சில எடத்துல கம்பி ஜல்லி நாம போற திசைலயே நீளவாக்குல இருக்கும், மெல்லிசு டயர் அப்படியே உள்ள எறங்கிடும். நிறுத்தி வச்ச காரோட கதவு தொறக்கறதும் அங்க தான். ஓரத்துல ஒட்டிக்கிட்டே போனா, பின்னாடி வர்றவனுக்கு நம்மள முந்த எடம் இருக்குன்னு தோணும், உரசிட்டு போவான்.

அதனால ரோட்டோட விளிம்புலேர்ந்து ஒரு மூணு அடி உள்ள போங்க, கார் நிக்கற எடத்துல கதவு அகலத்துக்கு தள்ளி, நேர் கோட்டுல. ரெண்டு காருக்கு நடுவுல எடம் கெடச்சதும் உள்ள போயி மறுபடி வெளிய வர்றது தான் ஆபத்து, பின்னாடி வர்றவனுக்கு நீங்க திடீர்னு மொளச்ச மாதிரி இருக்கும். ஹாரன் அடிப்பாங்க, அடிக்கட்டும். ஹாரன் அடிக்கறான்னா நம்மள பாத்துட்டான்னு அர்த்தம்.

ஷேர் ஆட்டோ உங்கள முந்தினா உடனே வேகத்த கொறைங்க, இருபதடி தள்ளி கண்டிப்பா நிறுத்துவான். பஸ் ஸ்டாப்ல நிக்கற பஸ்ஸுக்கு எடது பக்கம் பூந்து போகவே கூடாது, எறங்கறவங்க மேல மோதுவீங்க, இல்ல பஸ் கெளம்பி ஓரம் கட்டும்போது நசுங்குவீங்க. லாரிக்கு எடது பக்கம் எப்பவுமே நிக்காதீங்க, டிரைவருக்கு அந்த எடம் தெரியாது, சிக்னல்ல நின்னாலும் பின்னாடி நில்லுங்க.

அப்புறம் விஜயநகர். கைவேலி பக்கமிருந்து வந்தா நீங்க பாலத்து மேல ஏறாம கீழ வரணும், லிங்க் ரோட்டுக்கு வலது பக்கம் திரும்பணும். அந்த திருப்பத்த பைக் மாதிரி நடு ரோட்டுக்கு போயி எடுக்காதீங்க. நேரா போற சிக்னல்ல எடது பக்கமாவே கிராஸ் பண்ணி எதிர்ப்பக்க மூலைல நின்னுக்கோங்க, சைக்கிள லிங்க் ரோட்ட பாத்து திருப்பி வச்சு, அந்த பக்க சிக்னல் விழும்போது அவங்களோட சேந்து போங்க. ஒரு நிமிஷம் கூட ஆகும், அவ்ளோ தான். எஸ்ஆர்பி டூல்ஸ்ல மெட்ரோ வேலை எப்ப எப்படி மாத்தி வைப்பாங்கன்னு சொல்ல முடியாது, அங்க எறங்கி தள்ளிட்டு நடந்தே கிராஸ் பண்ணிடுங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல.

நாவலூர்_நந்து:
கதவு விஷயம் நீங்க சொன்னது சரி தான், அவன் ஓரத்துல ஒட்டி தான் போயிருக்கான். ஆனாலும் மூணு அடி உள்ள வந்து ஓட்ட எல்லாருக்கும் மனசு வருமா? பின்னாடி டிப்பர் லாரி வரும்போது கால் தன்னால ஓரத்துக்கு போயிடும். ரோடு போடறவங்க சைக்கிளுக்குன்னு தனியா எடம் விடாத வரைக்கும் இத ஒவ்வொருத்தரோட தெறமைக்கு விட்டுட முடியாதுங்கறது தான் என் வாதம். 2014லயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கு தனி கொள்கை கொண்டு வந்துச்சு, போக்குவரத்து பட்ஜெட்ல 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு அதுல எழுதி இருந்தது. 2019ல பாண்டி பஜார்ல அகல நடைபாதை வந்துச்சு, நல்லா இருக்கு, நானும் குடும்பத்தோட போவேன். ஆனா பெருங்குடில வேலைக்கு போறவனுக்கு என்ன வந்துச்சு?

ராயபுரம்_அச்சகம்:
//தெறமைக்கு விட்டுட முடியாது//

இதுல நான் நந்து கட்சி. எங்க பக்கம் எண்ணூர் போற ரோட்ல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல தொண்டர்பேட்டை, திருவொற்றியூர்க்காரங்க சைக்கிள்ல போறாங்க பாருங்க, அவங்க தெறமை கொறஞ்சவங்களா? பத்து மணி நேரம் வேலை செஞ்சிட்டு களைச்சுப்போயி திரும்பறாங்க, அப்பவும் ஒரு தப்பும் பண்ணாம ஓட்டணும்னு எதிர்பாக்கறது என்ன நியாயம்? கடலோரமா பார்க்குல பெயிண்ட் அடிச்சு சைக்கிள் பாதைன்னு வைக்கறத விட, தொழிற்பேட்டைக்கு போற ரோட்ல ஓரத்த ஒழுங்கா செப்பனிட்டு வடிகால் மூடிய சமமா போட்டு ராத்திரி லைட் எரிய வச்சாலே பாதி பேர் பொழச்சுக்குவாங்க. கேட்டா சைக்கிள்காரன் எங்க இருக்கான்னு கேக்கறாங்க. காலைல 6 மணிக்கு வந்து பாக்கணும்.

அம்பத்தூர்_பெரியவர்:
தம்பிகளா, நான் ரிட்டயர்டு ஆள், அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபிட்டரா இருந்தேன். அந்தக் காலத்துல ஷிப்ட் விட்டா கேட்டுலேர்ந்து சைக்கிளா தான் வெளிய வரும், ரோடே சைக்கிள்காரங்களோடது, பஸ்ஸே நின்னு தான் போகும். அதே அம்பத்தூர்ல தான் 1949ல டிஐ சைக்கிள் கம்பெனி ஆரம்பிச்சது, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் அவங்களோடது தான். பெரிய ஃபேக்டரி எல்லாத்துலயும் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு இருக்கும், டோக்கன் குடுக்க ஒரு ஆள் இருப்பார். ராத்திரி டைனமோ லைட் எரியலன்னா போலீஸ் பிடிப்பாங்க, டபுள்ஸ் போனாலும் பிடிப்பாங்க, அப்ப எரிச்சலா இருக்கும், இப்ப நெனச்சா சைக்கிளையும் ஒரு வண்டியா மதிச்சு சட்டம் பேசினாங்கன்னு தோணுது. பின்னாடி செவப்பு லைட் இல்லாம யாரும் இருட்டுல ஓட்டாதீங்க தம்பி, அது ஒண்ண மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன்.

மடிப்பாக்கம்_மணி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பெரியவருக்கு என் வணக்கம். ஆபீஸ்ல விசாரிச்சேன். பேஸ்மென்ட்ல கார், பைக்குக்கு மட்டும் தான் எடம், சைக்கிள கேட்டுக்கு வெளிய சாத்திட்டு வாங்கன்னு செக்யூரிட்டி சொல்றார். வெளிய விட்டா சாயங்காலம் இருக்குமான்னு பயமா இருக்கு. இதுக்கு என்ன பண்றது?

புதுகை_பொண்ணு:
எனக்கும் இதே தான் நடந்தது. செக்யூரிட்டிகிட்ட பேசி பிரயோஜனம் இல்ல, அவர் சொன்னத செய்யறவர். பில்டிங் மெயின்டனன்ஸ பாக்கற ஃபெசிலிட்டி ஆளுக்கு மெயில் போடுங்க, தனியா போடாதீங்க. உங்க பில்டிங்லயே ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, கேன்டீன் பசங்க, செக்யூரிட்டியே கூட சைக்கிள்ல தான் வருவாங்க, அவங்க எங்க நிறுத்தறாங்கன்னு பாருங்க. எங்க பில்டிங்ல ஜெனரேட்டர் ரூமுக்கு பின்னாடி வெயில்லயும் மழைலயும் அவங்க சைக்கிள் எல்லாம் கெடந்துச்சு. எல்லாருக்கும் சேத்து தான் கேட்டோம், ஒரு கார் நிக்கற எடத்துல ஒரு இரும்பு பைப் ஸ்டாண்டு போட்டு குடுத்தாங்க, பத்து சைக்கிள் நிக்குது. இப்ப கேன்டீன் தம்பியோட சைக்கிளும் நனையறதில்ல. பூட்டறப்ப வீல மட்டும் பூட்டாதீங்க, ஃபிரேமையும் சேத்து பைப்போட பூட்டுங்க.

வேளச்சேரி_மழை:
லேட்டா வர்றேன். மழைய பத்தி யாருமே பேசல. கைவேலி, ராம் நகர், ஏஜிஎஸ் காலனி எல்லாம் ஒரு நல்ல மழைக்கே முட்டி அளவு நிக்கும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப நாங்க நாள் கணக்கா தண்ணில கெடந்தோம். தண்ணி நின்னா சைக்கிள எடுக்கவே எடுக்காதீங்க, மூடி இல்லாத மேன்ஹோல் எங்க இருக்குன்னு தெரியாது. சாதா தூறல்ல போகலாம், மட்கார்டு கண்டிப்பா வேணும், இல்லன்னா முதுகு பூரா சேறு. நனைஞ்ச பிரேக் லேட்டா பிடிக்கும், தூரம் விட்டு ஓட்டுங்க. வீட்டுக்கு வந்ததும் செயின துணியால தொடச்சு செயினுக்குன்னே விக்கற ஆயில் ரெண்டு சொட்டு விடுங்க. கடல் காத்து ஊரு, சும்மா விட்டா ஒரே வாரத்துல துரு ஏறிடும். தேங்காண்ணெய், பழைய இன்ஜின் ஆயில்லாம் விடாதீங்க, மண்ண பிடிச்சு செயின் சக்கரத்தோட பல்ல தேச்சுடும்.

தரமணி_பெடல்:
மணி, எந்த சைக்கிள்னு கேட்டீங்க, அத விட்டுட்டேன். கியர் இல்லாத சாதா சைக்கிளே இந்த ரூட்டுக்கு போதும், கொண்டை ஊசி வளைவா ஏறப்போறோம். கியர் வேணும்னா ஹைப்ரிட் பாருங்க, ரோடு சைக்கிளுக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் நடுவுல இருக்கற வகை. முன்னாடி ஸ்பிரிங் சஸ்பென்ஷன், டிராக்டர் மாதிரி பட்டை டயர் இருக்கற எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள் வேணாம், பாக்க கம்பீரமா இருக்கும், 10 கிலோமீட்டர் மிதிச்சா பாதி சக்தி அதுக்கே போயிடும். 2025 செப்டம்பர்லேர்ந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12லேர்ந்து 5 சதவீதமா கொறஞ்சிருக்கு, கடைல பழைய ரேட்டே சொன்னா கேளுங்க. முட்டி வலி இருக்கறவங்க இ-சைக்கிள் கூட பாக்கலாம், 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ள இருந்தா லைசென்சும் வேணாம் ரிஜிஸ்ட்ரேஷனும் வேணாம்.

சீட் உயரத்த கடைலயே சரி பண்ணிக்கோங்க. சீட்ல உக்காந்து குதிகால பெடல் மேல வச்சு அடில கொண்டு போனா கால் நேரா நீளணும். நம்ம ஊர்ல முக்காவாசி பேர் ரெண்டு காலும் தரைல படணும்னு சீட்ட எறக்கி வச்சு ஓட்டறாங்க, முட்டி வலி அதுலேர்ந்து தான் ஆரம்பிக்குது. டயர்ல காத்து கொறஞ்சாலும் கனமா இருக்கும், வாரத்துக்கு ஒரு தடவ அமுக்கி பாருங்க.

மடிப்பாக்கம்_மணி:
சூப்பர் பாஸ். அந்த டிபன் பாக்ஸ் அண்ணன்கிட்ட இன்னைக்கு பேசினேன். கீழ்கட்டளைலேர்ந்து வர்றாராம், பெருங்குடில ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்ல வெல்டர். எஸ்ஆர்பி டூல்ஸ் வரைக்கும் போக வேணாம், பெருங்குடி பறக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கம் உள்ளார தெருவுலயே ஒரு வழி இருக்கு, நான் கூட்டிட்டு போறேன்னு சொல்லியிருக்கார். மச்சினன் சைக்கிள் ஒண்ணு சும்மா கெடக்கு, ஹைப்ரிட் தான், பஞ்சர் பாத்து சீட்ட ஏத்தியாச்சு, ஹெல்மெட்டும் பின் லைட்டும் வாங்கியாச்சு. வர்ற ஞாயித்துக்கெழமை காலைல ட்ராஃபிக் இல்லாதப்ப ஒரு தடவ முழு ரூட்டும் ஓட்டி பாக்கலாம்னு இருக்கேன், கூட யாராச்சும் வர முடியுமா?

தரமணி_பெடல்:
நான் வரேன். 6 மணிக்கு கைவேலி பாலத்துக்கு கீழ நிக்கறேன். வால்வ் எந்த டைப்னு பாத்து சொல்லுங்க, பைக்ல இருக்கற மாதிரி தடியா இருக்கா, இல்ல மெல்லிசா ஊசி மாதிரி இருக்கா? அதுக்கு ஏத்த பம்ப் எடுத்துட்டு வரணும்.

நாவலூர்_நந்து:
சித்தப்பா பையன கேட்டேன், அவனும் வர்றேங்கறான். மறுபடி ஓட்ட ஆரம்பிக்கணும்னு ஆசப்படறான், ஆனா தனியா போக தயக்கமா இருக்குன்னான். அவன உங்களுக்கு நடுவுல விட்டு கூட்டிட்டு போங்க. நான் பின்னாடி பைக்ல வரேன்.